வெள்ளிக்கிழமை அணையும் கம்ப்யூட்டர்

குன்னத்தில் விதைக்கடை வைத்திருக்கும் முத்துவேல் தன் பெண்டாட்டிக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்த கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். “பொண்டாட்டி மேல அம்புட்டு ஆசைப்பா அவனுக்கு” என்பார்கள். அது பொய்யில்லை. ஆசைதான். அந்த ஆசைக்குள்ளே தேவயானி மூச்சு முட்டிக் கிடந்தாள் என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது.

தேவயானி அரியலூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். பெண் பார்க்க வந்த அன்றே, “கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன்” என்று சொல்லிவிட்டுத்தான் காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். “அதுக்கென்ன, தாராளமா” என்றான் முத்துவேல். தாராளமா என்று சொல்வதற்கு என்ன செலவு? கல்யாணம் ஆனதும் “இப்பத்தானே வந்திருக்க, கொஞ்ச நாள் போவட்டும்” என்றான். அப்புறம் மழைக்காலம், பஸ் சரியா வராது என்றான். அப்புறம் வெங்காய நடவு, கடையில் கூட்டம், அம்மாவுக்குத் துணை வேண்டும் என்றான். குன்னத்திலிருந்து பெரம்பலூருக்கு பஸ் என்னவோ வெயிலிலும் மழையிலும் போய்க்கொண்டுதான் இருந்தது. காலையில் அது ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையைக் கடக்கும்போது தேவயானி இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம், இரண்டாயிரத்து இரண்டில், பெரம்பலூரில் சென்டர் நடத்தும் புஷ்பவல்லி மேடம் போன் பண்ணினார். “ஆவணியில புது பேட்ச் ஆரம்பிக்கிறேன் தேவயானி. எனக்குச் சொல்லித்தர ஆள் வேணும். நீ வந்துடு.” அன்றைக்கு முத்துவேலின் கையில் சாக்கு எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு வேனில் அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கினான்.

“எதுக்குத் தினம் பஸ்ல இடிபடணும்? வூட்டுலேயே வச்சுக்க” என்றான். முகமெல்லாம் சிரிப்பு. “கல்யாணப் பத்திரிகை அடி, கடை பில்லு அடி, ஊர்ப் புள்ளைங்க வந்தா சொல்லிக் குடு. ஒரு ரூமையே உனக்கு வுட்டுடறேன்.”

அவள் என்ன சொல்வாள்? யாராவது அடித்தால் அழலாம், திட்டினால் திருப்பித் திட்டலாம். ஆசை ஆசையாக வாங்கிவந்து நிற்கிறவனை என்ன செய்வது? உரமூட்டை அடுக்கியிருந்த பக்கத்து அறையைக் காலி பண்ணி, சுண்ணாம்பு அடித்து, தூசி வரக்கூடாது என்று ஜன்னலையும் பலகை வைத்து அடைத்துவிட்டான். சுவரைப் பார்த்து மேஜை, சுவரைப் பார்த்து நாற்காலி. தேவயானி அந்த நாற்காலியில் முதல்தடவை உட்கார்ந்தபோது, இனி ஆயுசுக்கும் இந்தச் சுவர்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

சாமான்களை வாங்கிக்கொடுத்ததும் பொருத்தியதும் சுரேஷ்குமார். முத்துவேலோடு படித்தவன், பெரம்பலூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. ஆனி கடைசியில் நல்ல நாள் பார்த்துக் கிளப்பினார்கள். முத்துவேலின் அம்மா சம்பூர்ணம் குளித்துவிட்டு, சந்தனம் குழைத்து, குங்குமம் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“படிப்பு சாமான்னா சரஸ்வதிடா. பொட்டு வைக்காம எப்புடித் தொடுறது? இதுக்கு நெத்தி எது?”

சுரேஷ்குமார் சிரித்துக்கொண்டே பெட்டியின் முன்பக்கத்துப் பெரிய வட்டப் பட்டனைக் காட்டினான். “இதை அமுக்குனாத்தாம்மா உசுரு வரும்.”

“அப்ப இதான் நெத்தி” என்று சம்பூர்ணம் அதன் மேல் நிதானமாகச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். சுரேஷ்குமார் பொட்டு கலையாமல் நாசூக்காகப் பட்டனைத் தொட்டான். மெஷின் உயிர் பெற்றது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஒரு வாரம் ஓடியது. அப்புறம் ஆடி பிறந்தது. முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டனை அமுக்கினால் விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, நாலு நொடியில் பட்டென்று எல்லாம் அணைந்தது. மறுபடி அமுக்கினால் அசைவே இல்லை. சனிக்கிழமையும் அப்படியே. சுரேஷ்குமார் கடைக்கு லீவு விடுகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். திங்கட்கிழமை போன் வந்தது.

“இங்க ராத்திரி பகலா ஓடுதுடா மாப்ள. மெஷின்ல ஒண்ணுமே இல்ல. உங்க வூட்டுக் கரண்ட்லதான் கோளாறு.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் முத்துவேல் சினேகிதனை நம்பினான். திரும்பி வந்த மெஷின் ஒரு நாள் முரண்டு பிடித்துவிட்டுப் புதன், வியாழன் நன்றாக ஓடியது. வெள்ளிக்கிழமை மறுபடி படுத்துக்கொண்டது. அதன்பின் அந்த வீடு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. சுவரைக் கொத்தி வயரை மாற்றினார்கள். புது பிளக் வைத்தார்கள். ஸ்டெபிலைசர் வந்தது. மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியைக் கழற்றி வேறு மாட்டினான் சுரேஷ்குமார். கடைசியில் எர்த் சரியில்லை என்று சொல்லிக் கொல்லையில் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டிக் குழாய் இறக்கினார்கள். அந்தக் குழிக்குத் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிற வேலையும் தேவயானியின் தலையில் விழுந்தது.

“அண்ணே, கரண்ட் கோளாறுன்னா டிவியும் அணையணும்ல? மிக்ஸியும் நிக்கணும்ல?” என்று அவள் கேட்டாள்.

“நீங்க பாடம் எடுத்தவங்க தங்கச்சி. நான் ரிப்பேர் பாக்குறவன்” என்றான் சுரேஷ்குமார், ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டே.

இவ்வளவுக்கும் நடுவில் தேவயானிக்கு ஒரு நல்லது நடந்தது. குழி தோண்டிய அன்று ராத்திரி சோற்றில் கை வைத்துக்கொண்டே அவள் மெதுவாக, “புஷ்பவல்லி மேடம் மறுபடி போன் பண்ணாங்க” என்றாள். முத்துவேல் அசந்து போயிருந்தான். அவனுக்கும் மெஷினோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது.

“சரி வுடு. ஆடி முடியட்டும். அதுக்குள்ள இது ஒழுங்கா ஓடலைன்னா நீ பெரம்பலூரு போயிட்டு வா. அம்மா இருக்காங்க பாரு, அவங்க முன்னாடி சொல்றேன்.”

சம்பூர்ணமும் “போயிட்டு வரட்டும்டா, படிச்ச புள்ள” என்றாள். அன்றைக்குத் தேவயானிக்குத் தூக்கம் வரவில்லை. பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காலை வெயில் அடிக்காது என்பது வரை யோசித்துவிட்டாள்.

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு மறுநாள் மத்தியானம். முத்துவேல் கடையில். சம்பூர்ணம் மாட்டுக்குப் புல்லறுக்கப் போயிருந்தாள். தேவயானி சும்மா அந்த அறைக்குள் போய் மெஷின் முன்னால் குனிந்தாள். அவளால் சும்மா இருக்க முடியாது, அதுதான் அவள் குணம். ரிப்பேர் என்று ஒன்று கண்ணில் பட்டால் கை அரிக்கும். பட்டனை அமுக்கினாள். நாலு நொடி. அணைந்தது. விரலை எடுத்தாள். பட்டன் உள்ளேயே இருந்தது.

அவள் குனிந்த இடத்திலேயே நின்றாள். நகத்தால் பட்டன் ஓரத்தைச் சுரண்டினாள். நகக்கண்ணில் சந்தனம்.

ஆடி பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாமியார் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டாக அப்பிவந்த சந்தனம் அது. பட்டனைச் சுற்றி இடுக்கில் இறங்கி அடைத்திருந்தது. ஈரச் சந்தனத்தில் பட்டன் உள்ளே போனால் மேலே வராது. இந்த மாதிரி மெஷினில் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் ஓடும், விடாமல் அமுக்கிப் பிடித்தால் நாலு நொடியில் தானே அணைந்துகொள்ளும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மெஷினோ, மாட்டிக்கொண்ட பட்டனை யாரோ அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் பணிவாக அணைந்திருக்கிறது. வாரம் பாதியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்ததும் பட்டன் விடுபடும். வெள்ளிக்கிழமை வந்தால் மறுபடி பூசை.

கடையில் எப்படி ஓடியது? அதற்கும் அவளுக்கு விடை தெரிந்தது. ரிப்பேர் கடைக்காரன் எவனும் பட்டனைத் தொடமாட்டான். மூடியைக் கழற்றி முன்பக்கத்தை ஓரமாகப் போட்டுவிட்டு, உள்ளே போர்டில் இருக்கும் இரண்டு முள்ளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டுக் கிளப்புவான். நெற்றியும் பொட்டும் அவன் கணக்கிலேயே இல்லை.

தேவயானி தாலிச் சங்கிலியிலிருந்த ஊக்கைக் கழற்றி இடுக்கைச் சுரண்டினாள். பட்டன் டக்கென்று மேலே வந்தது. அமுக்கினாள். ஓடியது. நாலு நொடி போனது, பத்து நிமிஷம் போனது, ஓடிக்கொண்டே இருந்தது. அவளுக்கு நெஞ்செல்லாம் சந்தோஷம். வயரும் பிளக்கும் குழியும் தோற்ற இடத்தில் ஒரு ஊக்கு ஜெயித்துவிட்டது. ஓடிப்போய்க் கடையிலேயே முத்துவேலிடம் சொல்லலாம் என்று வாசல்வரை வந்துவிட்டாள்.

வாசலில்தான் உறைத்தது. சொன்னால் மெஷின் ஓடும். மெஷின் ஓடினால் பஸ் கிடையாது.

கொஞ்ச நேரம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் மெஷினை அணைத்தாள். சுரண்டி எடுத்த சந்தனத் துணுக்கைக் கட்டைவிரலால் நசுக்கி, எச்சில் தொட்டு, மறுபடி இடுக்கிலேயே வைத்து அடைத்தாள். ஒரு மெஷினை வேண்டுமென்றே கெடுப்பது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. தன் கையால் தானே ஒரு மாணவனின் விடையை அழித்துத் தப்புப் போட்ட மாதிரி இருந்தது.

அதற்குப்பின் அவள் மென்று விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திரிந்தாள். சுரேஷ்குமார் வந்து மூன்றாவது தடவையாக ராம் என்கிற நினைவகப் பட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டும்போது பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். “அந்தப் பட்டன்ல பாருங்கண்ணே” என்று நுனிநாக்கு வரை வரும். பல்லைக் கடித்துக்கொள்வாள். ஊரில் ஒருத்தி, “அவ கை ராசி அப்புடி, தொட்டா அணைஞ்சு போவுது” என்று சொன்னது காதில் விழுந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆடி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். பொறுத்தால் பெரம்பலூர்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று சம்பூர்ணம் சிறுவாச்சூர் கோயிலுக்கு விடியவே கிளம்பிவிட்டாள். வீட்டில் பொட்டு வைக்க ஆளில்லை. மெஷின் புதன்கிழமையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. “நாளைக்கும் ஓடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம்” என்று முத்துவேல் முதல் நாள் ராத்திரியே சொல்லியிருந்தான். தேவயானி குளித்தாள். சந்தனக் கட்டையை எடுத்து உரைத்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உரைத்து, கெட்டியாக வழித்து, பட்டனைச் சுற்றி விரலால் அழுத்தி அழுத்தி அப்பினாள். அடுத்த தெருவுக்கே மணந்தது. குங்குமம் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். சாமியே, இது ஓடக் கூடாது.

திரும்பினால் கதவருகில் முத்துவேல் நின்றுகொண்டிருந்தான். மறந்துவிட்டுப் போன கடைச் சாவியை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறான். அவன் கண் கலங்கியிருந்தது.

“இம்புட்டு ஆசையா இது மேல?” என்றான். “உசுரே இல்லாத மெஷினுக்குக் கூடக் குளிச்சுப் பொட்டு வச்சுக் கும்புடறியே புள்ள.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். முத்துவேல் சாவியை எடுத்துக்கொண்டு யோசனையோடு போய்விட்டான்.

மறுநாள் சாயங்காலம் மாட்டுத் தரகர் சாமிக்கண்ணு வந்து, கொட்டகையில் சம்பூர்ணத்தின் பசுவைச் சுற்றிச்சுற்றி வந்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், மடியைத் தட்டிப் பார்த்தார். தேவயானி தண்ணீர்க் குடத்தோடு கொல்லையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னத்த இது?”

“முத்துவேலு சொன்னான்” என்றாள் சம்பூர்ணம். பசுவின் கழுத்தை விடாமல் தடவிக்கொண்டிருந்தாள். “இந்தப் பொட்டி தேறாதாம். ஆவணி மொத நாளு கம்பெனி கம்ப்யூட்டரே வாங்கிடலாம், கேரண்டி உண்டு, கெட்டா அவனே வந்து மாத்திக் குடுப்பான்னு சொன்னான். நீ அது மேல உசுரா இருக்கியாமே. போவட்டும் ஆத்தா. மாடு இன்னொண்ணு வாங்கிக்கலாம். நீ சந்தோசமா இருந்தாப் போதும்.”

அந்தப் பசு சம்பூர்ணம் கன்றாக வாங்கி வளர்த்தது. அந்த வீட்டில் என்னுடையது என்று அவள் சொல்லிக்கொள்கிற ஒரே பொருள். அதைச் சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் பசுவை விடவில்லை.

தேவயானி குடத்தை இறக்கி வைத்தாள். அந்த நிமிஷம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. முத்துவேல் மேல் கோபம் வந்தது. இந்த வெள்ளந்திக் கிழவியின் மேல் கூடக் கோபம் வந்தது. இவர்களில் ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பேசாமல் இருந்தால் பசுவும் போகும், புது மெஷினும் வரும். பேசினால் பழைய மெஷின் ஓடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சுவர்தான், அந்த நாற்காலிதான்.

“மாட்டைக் குடுக்க வேணாம், நீங்க போயிட்டு வாங்க” என்று சாமிக்கண்ணுவிடம் சொல்லிவிட்டு, விடுவிடென்று கடைக்கே போனாள். முத்துவேல் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தான். “வூட்டுக்கு வாங்க. கொஞ்சம் காட்டணும்” என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் மறுபேச்சில்லாமல் வந்தான்.

அறைக்குள் போய் விளக்கைப் போட்டாள். மெஷினைக் கிளப்பினாள். நாலு நொடியில் அணைந்தது. “பாத்தீங்களா?” ஊக்கை எடுத்தாள். இடுக்கைச் சுற்றிச் சுரண்டினாள். சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. ஈரத்துணியால் துடைத்து, பட்டன் மேலேயும் கீழேயும் போய்வருவதைத் தட்டிக் காட்டினாள். அமுக்கினாள். மெஷின் ஓடியது. திரை வெளிச்சமானது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அணையவில்லை.

“அட சண்டாளா!” என்று முத்துவேல் துள்ளினான். “ஒரு பொட்டுக்கா ஆளு ஒசரத்துக்குக் குழி தோண்டுனோம்? அந்த சுரேசுப் பயலை...” விழுந்து விழுந்து சிரித்தான். “எம்பொண்டாட்டி பெரிய ஆளுய்யா. ஏய், எப்ப கண்டுபுடிச்ச?”

இப்போதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்துபோகும். அவளுக்குப் பொய் சொல்லி அலுத்துவிட்டது.

“மூணாம் வெள்ளிக்கு மறுநாளே.”

அவன் சிரிப்பு நின்றது. “அப்ப... நேத்து நீ பொட்டு வச்சது?”

“ஓடக் கூடாதுன்னுதான் வச்சேன்.”

முத்துவேல் மெல்ல அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். திட்டுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

“ஏன் புள்ள சொல்லல?”

“சொன்னா மெஷின் ஓடும். ஓடுனா நீங்க என்னை பெரம்பலூருக்கு அனுப்ப மாட்டீங்கன்னுதான்.”

முத்துவேல் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் துளிக்கூட இல்லை. கணக்கு புரியாத பையன் போல நிஜமாகவே யோசித்தான்.

“ஓடாட்டி மட்டும் அனுப்பியிருப்பேனா?” என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது போலிருந்தது. “அது வந்து... நீ காலையில போனா சாயந்தரந்தான் வருவ. அது எனக்கு... வேணாம்னு சொல்ல வாய் வரலை புள்ள. அதான் இதை வாங்கிப் போட்டேன்” என்றான். வெளியே சம்பூர்ணம், “தரகர் போயிட்டாருடா, மாட்டைப் புடிச்சுக் கட்டிடவா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். “கட்டும்மா, மாடு வூட்டுலேயே இருக்கட்டும்” என்று அவன் இங்கிருந்தபடியே கத்தினான்.

தேவயானி ஊக்கைத் துடைத்து மறுபடி சங்கிலியில் மாட்டிக்கொண்டாள். பெரம்பலூர் போவதற்கென்று இத்தனை நாளாக அவள் காவல் காத்த கதவு, திறக்கிற கதவே இல்லை. சுவரில் வரைந்தது. அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை.

“எந்திரிங்க” என்றாள்.

அவன் எழுந்து அவளுக்காக நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் அதைத் தாண்டிப் போய், ஜன்னலை அடைத்திருந்த பலகையில் இரண்டு கையையும் வைத்து இழுத்தாள். முத்துவேல் ஆணி அடித்திருந்தான், நன்றாகத்தான் அடித்திருந்தான். அது அசையவில்லை. அவள் விடவும் இல்லை.